கையெழுத்துப் போடுபவருக்கு எழுதுவது

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்தால் மனு எழுதும் வேலை கூப்பிடாமலே வந்து சேரும். ஆதார் நகல் எடுக்க வந்தவர், "அக்கா, அப்படியே ஒரு மனுவும் அடிச்சுக் கொடுத்துடுங்க" என்பார். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், எரியாத தெருவிளக்கு, காட்டெருமை புகுந்து மிதித்த கேரட் தோட்டம், நேரத்துக்கு வராத பஸ் என்று எல்லாமே வரும். திங்கட்கிழமை உதகையில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் எனக்கு வெள்ளியும் சனியும்தான் கூட்டம். எழுதி எழுதி, எது எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்று ஓரளவு பிடிபட்டது. அப்புறம் புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான், இதற்கெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

மனு எழுத வருகிற எல்லோரும் கலெக்டரிடம் நேரில் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் எழுதச் சொல்கிறார்கள். நடப்பது வேறு. அவ்வளவு பெரிய கூட்டத்தில் உங்கள் மனுவுக்கு அரை நிமிஷம் கிடைத்தால் அதிகம். அது ஒரு துறைக்குப் போகும், அங்கே ஒரு செக்ஷனுக்குப் போகும், அங்கே ஓர் உதவியாளர் அதை நிஜமாகவே படிப்பார். படித்துவிட்டு அவர் ஒரு குறிப்பு எழுதி மேலே வைக்க வேண்டும். ஆக, உங்கள் காகிதத்தைப் படிப்பவரே இன்னொருவரைச் சம்மதிக்க வைக்கும் நிலையில்தான் இருக்கிறார். அவர் மனம் இளகினாலும் "மனுதாரர்கள் பாவம்" என்று கோப்பில் எழுத முடியாது. "வண்டியை அரை மணி நேரம் முன்னதாக எடுத்தால் கூடுதல் செலவு இல்லை" என்று எழுத முடியும். அவர் அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளக்கூடிய வாக்கியத்தை நாம் எழுதிக் கொடுத்தோமா என்பதுதான் விஷயம்.

பஸ் மனு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒரு பெரியவரும் இரண்டு பேரும் வந்தார்கள். முன்பே கொடுத்த மனுவின் நகல் கையில் இருந்தது. முழுசாக இரண்டு பக்கம். ஒரு திருக்குறளோடு தொடங்கியது. (குறளோடு தொடங்கும் மனுக்கள் நிறையப் பார்க்கிறேன். படிக்கிற அதிகாரிக்கு அந்தக் குறள் ஏற்கெனவே தெரியும், அவருக்கு வேண்டிய தகவல் அதில் கிடையாது.) அடுத்து அதிகாரியின் கருணைக்கு ஒரு பத்தி. அடுத்து, சுதந்திரம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் எங்கள் ஊருக்கு விடிவு இல்லை, பலமுறை மனு கொடுத்தும் அலட்சியம், நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில், "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." பஸ் இப்போது எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது எங்குமே இல்லை.

"எல்லாம் விவரமா எழுதியிருக்கேம்மா, இன்னும் என்ன வேணும்?" என்றார் பெரியவர்.

"பஸ் எத்தனை மணிக்குங்க வருது?"

"எட்டே காலுக்கு."

"பள்ளிக்கூடம்?"

"ஒம்பதுக்கு மணி அடிச்சுடும். பஸ் போய்ச் சேர ஒம்பது ஆயிடும். மேகம் இறங்கிடுச்சுன்னா லைட்டைப் போட்டுக்கிட்டு ஊர்ந்துதான் வரும், ஒம்பதே காலும் ஆகும், ஒம்பதரையும் ஆகும்."

"அப்போ அரை மணி நேரம் முன்னாடி எடுத்தா போதுமா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதும் என்றார்கள். அந்த மனுவின் மொத்த கோரிக்கையே அந்த ஒரு வரிதான்.

கிமு நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், கேட்பவரை இணங்க வைக்கும் பேச்சை மூன்று வகையாகப் பிரித்தார். நீதிமன்றப் பேச்சு நடந்து முடிந்ததைப் பற்றியது; யார் குற்றவாளி என்று வாதாடும். விழா மேடைப் பேச்சு நிகழ்காலத்தைப் பற்றியது. புகழும், சில நேரம் இகழும். ஆலோசனைச் சபைப் பேச்சு வரப்போவதைப் பற்றியது. இதைச் செய்தால் நன்மை, செய்யாவிட்டால் தீமை என்று எடுத்துச் சொல்லும். அந்தப் பழைய மனுவை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒரே பார்வையில் புரிந்துவிடும். முதல் அரைப் பக்கம் விழா மேடை, அடுத்த ஒன்றரைப் பக்கம் நீதிமன்றம். ஆலோசனைக்குக் கடைசி வரி மட்டும். அதிகாரியிடமிருந்து நமக்கு வேண்டியது வரப்போகும் ஒரு செயல். அவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, "ஐயா, உதவுங்கள்" என்று கேட்டால் அவர் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபத்தைப் பதிவுசெய்வதற்கு வேறு இடம் இருக்கிறது. "பலமுறை மனு கொடுத்தும்" என்று இருந்ததை எடுத்துவிட்டு, முன்பு கொடுத்த மனுக்களின் தேதியையும் ரசீது எண்ணையும் மனுவின் மேலே முந்தைய கடிதங்களைக் குறிக்கும் ‘பார்வை’ என்ற இடத்தில் போட்டேன். யாரையும் திட்டவில்லை, ஆனால் யார் தாமதித்தார்கள் என்பது தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அரை மணி நேரம் முன்னால் எடுப்பதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்டேன். இது பலருக்குப் பிடிக்காத கேள்வி. நம் மனுவில் எதிர்த்தரப்பை நாமே எதற்கு இழுத்துவிட வேண்டும் என்பார்கள். ரோமானியர்கள் பேச்சை எப்படி அடுக்க வேண்டும் என்று வகுத்தபோது, எதிர்வாதத்தை எடுத்து மறுப்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்றை வைத்திருந்தார்கள். பஸ் விஷயத்தில், பால் கேன் ஏற்றுகிற இரண்டு பேருக்குச் சிரமம் என்று தெரிந்தது. அவர்கள் அரை மணி நேரம் முன்னால் கறக்க வேண்டும். முதலில் அவர்களிடம் பேசிக் கையெழுத்து வாங்கிவாருங்கள் என்று அனுப்பினேன். ஒருவர் உடனே போட்டார், இன்னொருவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு அப்புறம் போட்டார். மனுவில் இப்படி எழுதினோம்: "இந்த மாற்றத்தால் பால் கொண்டுசெல்லும் இருவரின் நேரம் மாறும், அவர்களும் சம்மதித்துக் கையொப்பமிட்டுள்ளனர். வண்டி இரவு பக்கத்து ஊரிலேயே நிற்பதால் கூடுதல் ஓட்டமோ ஆளோ தேவைப்படாது." செக்ஷனில் உட்கார்ந்திருப்பவருக்கு வரக்கூடிய இரண்டு சந்தேகத்துக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. மனு ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது பஸ் நேரம் மாறியிருந்தது. மனுவால்தான் மாறியதா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று நினைத்துவிடுவது, மனுக்களில் நான் அதிகம் பார்க்கும் தர்க்கப் பிழை. "ஹோம்ஸ்டே வந்த பிறகுதான் எங்கள் குழாயில் தண்ணீர் குறைந்தது, ஆகவே ஹோம்ஸ்டேயை மூட வேண்டும்" என்று ஒருவர் எழுதச் சொன்னார். இருக்கலாம். ஆனால் வழியில் குழாய் உடைந்திருந்தாலும் தண்ணீர் குறையும். பொறியாளர் போய்ப் பார்த்து, குழாய்தான் உடைந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் நம் மனு மொத்தமும் விழுந்துவிடும். தண்ணீர் குறைந்துவிட்டது, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள் என்று கேட்டால் விழாது.

மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மலைநாட்டுக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி, ஏனென்றால் எடுத்துக்காட்டே மலைதான். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ வந்தது. புகை தெரிவதால் என்பது ஏது, காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், எல்லோரும் கண்ணால் பார்த்த எடுத்துக்காட்டு. இவை ஒவ்வொன்றுக்கும் போலி உண்டு, அதாவது சரி போலவே தோன்றும் பிழை. ஆவியா பனியா என்ற சந்தேகம் தீராமலே, புகைதான் என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது ஏதுப்போலிகளில் ஒன்று. மேகம் மூடும் கொடநாடு பக்கம் காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நான் மனுவை முடிக்கும் முன் ஒவ்வொரு ‘ஆகவே’வையும் தொட்டு, இது புகையா மேகமா என்று கேட்டுக்கொள்வேன்.

அரிஸ்டாட்டில் சொன்ன இன்னொரு மூன்று, கொஞ்சம் பிரபலமானது: ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ். பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனதில் எழும் உணர்ச்சி, பேச்சில் இருக்கும் தர்க்கம். நம்பிக்கை என்றதும் ஆட்கள் லெட்டர்பேடைத் தேடி ஓடுகிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று சீல் மேல் சீல். ஆனால் அந்த நம்பிக்கை சொல்கிற பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும் என்பதுதான் அரிஸ்டாட்டில் கட்சி. விஷயம் தெரிந்தவர், நேர்மையானவர், நம் நன்மையை நினைப்பவர் என்ற மூன்றும் பேச்சில் தெரிய வேண்டும் என்கிறார். பால் கேன்காரர்களைப் பற்றிய அந்த ஒரு வாக்கியம், எந்த சீலையும் விட அதைச் செய்துவிடுகிறது.

உணர்ச்சி விஷயத்தில்தான் எனக்கும் வருகிறவர்களுக்கும் இழுபறி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களில் ஒன்று. உதவித்தொகை கேட்டு மனு. "ஐயா மனசு இளகுற மாதிரி எழுது புள்ள" என்றார். கப்பல் ஏறியது, வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், புருஷன் போனது, மகன் கைவிட்டது எல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு டைப் அடிக்கக் கை ஓடவில்லை. ஆனால் அவர் "ரொம்ப ரொம்ப கஷ்டப்படுறேன்னு போடு" என்றபோது போடவில்லை. கஷ்டம் என்ற சொல்லை அந்த மேஜை தினமும் பார்க்கிறது. "இடது கை விரல்களை மடக்க முடியாததால் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போக முடியவில்லை. மகன் திருப்பூரில் தனியாக வசிக்கிறார், பணம் அனுப்புவதில்லை" என்று எழுதினேன். வருமானம் இல்லை, ஆதரவு இல்லை என்ற விதிமுறைக்கான பதிலும் இதுதான், படிப்பவரின் கண் ஒரு நொடி நிற்கும் இடமும் இதுதான். கப்பல் கதையையும் விட்டுவிடவில்லை. அப்போது கொடுத்த காகிதத்தில் அவர் வயது இருந்தது, அது வயதுச் சான்றாக இணைப்பில் போயிற்று. பாட்டிக்கு மனு ரொம்பச் சின்னதாக இருந்ததில் திருப்தி இல்லை. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார்.

சொல்லாமல் விடுவதும் ஒரு நுட்பம். வாதத்தின் ஒரு படியை நாம் விட்டுவிட்டால் கேட்பவர் தானே அதை நிரப்பிக்கொள்வார். தானே நிரப்பியதை அவர் மறுக்க மாட்டார். கிரேக்கத்தில் இதற்கு எந்திமீம் என்று பெயர். எங்கள் மாவட்டத்தில் தடுப்புச் சுவர் கேட்டு மனு எழுதினால், மண்சரிவு எவ்வளவு கொடுமை என்று விளக்கவே வேண்டாம். "2009 நவம்பர் மழையில் இந்தச் சரிவில் விரிசல் விட்டது" என்று எழுதினால் போதும். அந்த மழையில் நீலகிரியில் நாற்பது பேருக்கும் மேல் மண்ணுக்குள் போனார்கள். அந்த வருஷத்தைப் பார்த்ததும் மிச்சத்தை இங்கே வேலை பார்க்கிறவர் தானே நினைத்துக்கொள்வார். இதே மனுவைச் சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால் அந்த ஒரு வரியை விரித்துத்தான் எழுத வேண்டும்.

மொழிநடைக்கு எனக்கு நன்னூல் போதும். பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என்று அடுக்கியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எதற்கென்றே தெரியவில்லை. இப்போது மனுவைத் திருத்தும்போது மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்ற மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் படுகின்றன. எனக்குப் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. ஆரம்பத்தில் வீறுகொண்டு கிளம்பி, போகப்போக இளைத்துக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போவது. "ஆவன செய்யுமாறு" என்று முடியும் எல்லா மனுவும் அந்த ரகம்தான். என்ன செய்ய வேண்டும், எங்கே, எதற்குள் என்பதைக் கடைசிப் பத்தியில் சொல்லிவிட வேண்டும். அதையே சுருக்கி மேலே ‘பொருள்’ வரியிலும் போட வேண்டும். பலர் ‘பொருள்: பஸ் வசதி கோருதல் தொடர்பாக’ என்று விட்டுவிடுகிறார்கள். ‘காலை 8.15 பேருந்தை 7.45-க்கு மாற்றக் கோருதல்’ என்றால் உறையைப் பிரித்தவுடனே பாதி வேலை முடிந்தது.

ஆனால் காகிதத்தில் குற்றமான கூறியது கூறல் கிராம சபையில் குணமாகிவிடும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அங்கே மைக்கில் பேசுகிறவர், "ரோடு கேட்டோம், வரும்னாங்க. தண்ணி கேட்டோம், வரும்னாங்க. லைட்டு கேட்டோம், வரும்னாங்க" என்று ஒரே முடிப்பை அடுக்கினால் சபை நிமிர்ந்து உட்காரும். காதுக்கு அந்தத் திரும்பத் திரும்ப வருவது வேண்டும். கண் அதைத் தாண்டிப் போய்விடும். "நாங்கள் என்ன பாவம் செய்தோம்" என்ற கேள்விக்கும் சபையில் கைத்தட்டல் உண்டு. காகிதத்தில் அதைப் படிப்பவர் பதில் சொல்ல முடியாமல் எரிச்சல்தான் அடைவார்.

மனுவைத் தவிர அறிவிப்பு எழுதித் தரச் சொல்லியும் வருவார்கள். தேயிலை வாங்கும் ஓர் இடத்துக்காக, முற்றல் இலை கொண்டுவராதீர்கள், ரெண்டு இலை ஒரு கொழுந்தாகப் பறித்து வாருங்கள் என்று விவசாயிகளுக்கு நோட்டீஸ் கேட்டார்கள். தரமான தூளுக்குத் தரமான இலை, நாளைய விலைக்கு இன்றே முயற்சி என்றெல்லாம் ஏற்கெனவே அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விவசாயி கணக்கு வேறு. மென்கொழுந்தாகப் பறித்தால் எடை குறையும், பறிக்கும் கூலி குறையாது. "நல்ல இலைக்குக் கிலோவுக்கு எவ்வளவு சேர்த்துக் கொடுப்பீங்கன்னு முதல் வரியிலேயே போட்டுடலாமா?" என்றேன். "அதெல்லாம் போட வேண்டாம்" என்றார் வந்தவர். கேட்டபடி எழுதிக் கொடுத்தேன், காசும் கொடுத்தார். இலை முன்பு வந்தது போலத்தான் வந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். எடைக்கு ஈடான விலை இல்லாத இடத்தில் எந்த அணியைப் போட்டு எழுதியும் பயனில்லை.

சுற்றுலாப் பயணிகளுக்கு வைக்கும் பலகையில் இன்னொரு பொறி இருக்கிறது. "இங்கே தினமும் ஆயிரக்கணக்கானோர் குப்பை போட்டு மலையை நாசம் செய்கிறார்கள்" என்று எழுதினால் கேட்க உருக்கமாக இருக்கும். படிக்கிறவர் மனதில் பதிவது, எல்லோரும்தான் போடுகிறார்கள் என்பது. அமெரிக்காவில் அரிசோனாவில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. மரம் கல்லாக மாறிய துண்டுகள் அங்கே சிதறிக் கிடக்கும். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முன்பு வந்த பலரும் எடுத்துப்போனார்கள் என்று சொன்ன பலகையருகே திருட்டு அதிகமாக இருந்தது. எடுக்காதீர்கள் என்று நேராகக் கேட்ட பலகையருகே குறைவாக இருந்தது. காட்சிமுனை ஒன்றின் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் தம்பிக்குப் பலகை எழுதியபோது, "இங்கே வருபவர்கள் பாட்டிலைத் திரும்ப எடுத்துப்போகிறார்கள். நீங்களும் எடுத்துப்போங்கள்" என்றுதான் எழுதினேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

காலம் பார்ப்பதைக் கிரேக்கர்கள் கைரோஸ் என்பார்கள். பஸ் மனுவைப் பள்ளி திறக்கும் முன் கொடுக்க வேண்டும், தடுப்புச் சுவர் மனுவை மழைக்கு முன் கொடுக்க வேண்டும். மழை விழுந்த பின் எல்லா ஹட்டியிலிருந்தும் ஒரே மனு வரும், அதில் உங்களுடையது எங்கே இருக்கிறது என்று தேட ஆள் கிடைக்காது.

மனுவைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வரக் கூடாது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவே சொல்கிறது. நான் எழுதும் காகிதங்களில் யாரையும் சம்மதிக்க வைக்கத் தேவையில்லாத ஒரே காகிதம் இதுதான். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அது கேள்வி, ஆவணம் இல்லை. "எங்கள் மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள்.

அப்படி ஒரு தடுப்புச் சுவர் மனுவின் குறிப்பு நகல் என் கைக்கு வந்தது. சுவருக்குப் பரிந்துரை செய்திருந்தார்கள். நான் பார்த்துப் பார்த்து எழுதிய 2009 அதில் இல்லை. சரிவுக்கு மேலே இருக்கும் வீடுகளும் இல்லை. இடத்துக்கு அடையாளம் சொல்வதற்காக, ‘ஊராட்சியின் குடிநீர்த் தொட்டிக்கு மேல்புறம்’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதை எடுத்து, "சரிவு ஏற்படின் ஊராட்சிக் குடிநீர்த் தொட்டி சேதமடைய வாய்ப்புள்ளது" என்று எழுதி, அதை வைத்தே பரிந்துரையை முடித்திருந்தார்கள். இப்போது தடுப்புச் சுவர் என்று யார் வந்தாலும், சுவருக்குக் கீழே தொட்டி, ரோடு, அங்கன்வாடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்கிறேன்.